தவசிமுத்துவின் உடம்புக்குள் பதில் சொன்னவர்கள்

அந்த வருஷம் பங்குனி வெயிலில், உப்பளத்துப் பாத்திகளில் தண்ணீர் வற்றி வெள்ளை ஏறத் தொடங்கிய சமயத்தில், கல்லாமுனை ஊர்க்காரர்களின் உடம்புக்குள்ளிருந்து "யாரது?" என்று கேட்கிற சத்தம் வெளியே கேட்க ஆரம்பித்தது. உச்சிவெயிலில் மட்டும்தான் கேட்டது. நிழல் காலடிக்குள் போய் ஒளிந்துகொள்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, உப்பு வாருகிறவர் உடம்பிலும், வாருவதைக் குடைபிடித்து மேற்பார்வை பார்க்கிறவர் உடம்பிலும், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பெண்கள் உடம்பிலும், தொட்டிலில் தூங்குகிற பிள்ளை உடம்பிலும், "யாரது, யாரது" என்று கூட்டமாகப் பல பேர் அடங்கிய குரலில் கேட்க, அந்தந்த உடம்புக்காரரின் சொந்தக் குரலிலேயே "நாந்தான், நாந்தான்" என்று உடனுக்குடன் பதிலும் வந்தது. பதில் வந்ததும் கேட்டவர்கள் அடங்கிப்போவார்கள். பிறகு வெயில் சாயும், ஊர் அதன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கும்.

முதல் சில நாள் கலவரப்பட்டோம் என்பது உண்மைதான். டீக்கடை குருசாமி அதைப் பசி என்று நினைத்து, கேள்வி வரும்போதெல்லாம் தன் கடை வடையைத் தானே தின்று தீர்த்தார். பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்ததும் பிள்ளைகள் சட்டையைத் தூக்கி ஒருவர் வயிற்றில் ஒருவர் காதுவைத்துக் கேட்டுச் சிரித்தன. ஆனால் எங்கள் ஊர் எதைப் பார்த்தும் ரொம்ப நேரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஊர் இல்லை. சித்திரை பிறப்பதற்குள் கேள்விக்கும் பழகிவிட்டோம், பதிலுக்கும் பழகிவிட்டோம். உச்சிநேரத்தில் யாரும் போன் பேசுவதில்லை என்றானது. எதிர்முனையில் இருப்பவர் எந்தக் குரலுக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் திண்டாடிப்போவார். கல்யாணத் தரகர் கோலப்பன், பையனின் படிப்பு, உத்தியோகத்தோடு "உடம்பு கணீர்னு பதில் சொல்லுது" என்பதையும் சேர்த்துக்கொண்டார். கிராம நிர்வாக அதிகாரியின் உடம்பு மட்டும் "நாந்தான், என்ன இப்ப?" என்று கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. அவரை அறிந்தவர்கள் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்கள்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ரஹ்மத் நிஷாவிடம் போய் விளக்கம் கேட்டோம். அவர் காதிலிருந்த குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, தன் உடம்பு பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு பேசினார்.

"சத்தம் ஏன் வெளிய கேக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா கேக்கறது யாருன்னு தெரியும். நிரப்புப் புரதங்கள்னு பேரு. உங்க எல்லார் ரத்தத்துலயும் பொறந்ததுலேர்ந்தே இருக்கு. இப்பதான் உங்க காதுக்கு எட்டுது, அவ்வளவுதான்."

அவர் சொன்னதை நாங்கள் புரிந்துகொண்ட விதம் இதுதான். அந்தக் காவல்காரர்களில் முக்கால்வாசிப் பேர் ஈரலில் பிறந்து, ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டே வருவார்கள், பார்த்தால் தூங்குகிற மாதிரி இருக்கும், ஆனால் போகிற வழியில் கைக்கு எட்டியதையெல்லாம் தொட்டுத் தொட்டு யாரது என்று கேட்டுக்கொண்டேதான் போவார்கள். நம்முடைய உயிரணுவாக இருந்தால் அதன் முகத்தில் ஓர் அடையாளம் இருக்கும், அது பதில் சொல்லும், தொட்ட கை தானாக வழுக்கி விழுந்துவிடும். பதில் சொல்லாத கிருமியாக இருந்தால் தொட்ட கை தொட்டபடியே ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டவன் அடுத்தவனைக் கூப்பிடுவான், அவன் அவனுக்கு அடுத்தவனை, இப்படி ஆள் சேர்ந்து வட்டமாகக் கைகோத்து நின்று, அந்நியனின் மேல்தோலில் ஒரு ஓட்டை போடுவார்கள். வரப்பில் ஓட்டை விழுந்த பாத்தி மாதிரி, தண்ணீர் உள்ளே பாய்ந்து அவன் உப்பி வெடித்துப் போவான். எங்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. முள் குத்திய காலோடு வேலைக்கு வந்தவர்கள் உச்சிவெயிலில் குனிந்து கேட்டால், உடம்பெல்லாம் "நாந்தான்" என்று சொல்ல, முள் குத்திய இடத்தில் மட்டும் பதிலில்லாமல் கேள்வியே திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் ஓர் இரைச்சல் கிளம்பும். சாயங்காலம் அந்த இடம் வீங்கிச் சிவந்திருக்கும்.

எங்களை உறுத்திய விஷயம் வேறு. கல்லாமுனையில் உச்சிவெயில் என்பது சும்மா வெயில் இல்லை. கடல்தண்ணீர் கொண்டுவருகிற ஓடையில் விழுந்து செத்தவர்கள், புயலில் போனவர்கள், பாத்தியிலேயே சுருண்டு விழுந்தவர்கள் எல்லாரும் அந்த வெள்ளைக் கூசலில்தான் நடமாடுவார்கள், நம்மைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆனால் செத்தவர்களுக்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட மூச்சு கிடையாது. அதனால் முகம் தெரியாத குரல் மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் "ஏன்" என்று கேட்க வேண்டும். இது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நடை பழக்குவதற்கு முன்பே பழக்குகிற விஷயம். அப்படியெல்லாம் வளர்த்தும், எங்கள் ரத்தம் முதல் கேள்விக்கே "நாந்தான், நாந்தான்" என்று முந்திக்கொண்டு இளிக்கிறதே என்பதுதான் எங்களுக்குள் ஒரு சின்ன அவமானமாக இருந்தது.

அப்போதுதான் தவசிமுத்துவின் உடம்பு பதில் சொல்வதில்லை என்பது தெரியவந்தது.

தவசிமுத்து தெற்கு அளத்தில் உப்பு வாருகிறவர், நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். உச்சிவெயிலில் அவர் பக்கத்தில் நின்று கேட்டால் "யாரது" கேட்கும், பதில் இருக்காது. மறுபடி "யாரது" கேட்கும், அப்போதும் இருக்காது. ஆரம்பத்தில் எங்கோ ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு "நாந்தான்" கேட்டது, நாள் போகப் போக அதுவும் நின்றுபோனது. காரணம் எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. அவருடைய அண்ணன் பத்து வயதில், பட்டப்பகலில், யாரோ கூப்பிட்டதற்கு முதல் தடவையே "இந்தா வாரேன்" என்று சொல்லிப் போய் ஓடையில் கிடந்தவன். அதற்குப் பிறகு அவர்கள் அம்மா இளையவனை வளர்த்த விதமே வேறு. அவசரப்பட்டுப் பதில் சொன்னால் வாயில் கல்லுப்பை அள்ளிப் போட்டு வாயைப் பொத்துவாள். அவள் வளர்த்த வளர்ப்பு ரத்தம்வரைக்கும் இறங்கியிருக்கிறது, ஊரிலேயே ஒழுங்காக வளர்ந்த ரத்தம் தவசிமுத்துவின் ரத்தம்தான் என்று நாங்கள் முடிவுகட்டினோம்.

முடிவுகட்டியதோடு விட்டோமா? பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் நிறுத்தி, "கேளு, மாமா உடம்பு எப்படி அடக்கமா இருக்குன்னு கேளு" என்று காட்டினார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் அவருக்கு முதல் மாலை போட்டார்கள். எப்போதும் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மனிதர், மாலையோடு நின்றபோது முகம் மஞ்சளாகப் பளபளத்தது. அதைப் பெருமையின் களை என்று நினைத்தோம். படியேற மூச்சு வாங்கியதை வயசு என்று நினைத்தோம். அவருக்கும் அந்த நினைப்புப் பிடித்திருந்தது. "எங்க அம்ம வளர்த்த உடம்புல்லா" என்று, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியபடி சொல்லிக்கொள்வார்.

அவர் மனைவி சொர்ணக்கிளிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது புருஷன், ஊர் மெச்சுகிற மவுனம் இல்லை. அவள் மட்டும்தான் அவர் முதுகில் காதை அழுத்திக் கேட்டவள். பதில் வராத கேள்விக்குப் பிறகு, சட்டியில் போட்ட கல்லுப்பு வெடிக்கிற மாதிரி உள்ளே சடசடவென்று ஒரு சத்தம் ஓடுவதை அவள் கேட்டிருந்தாள். ஒருநாள் விடிகாலை அவருக்குப் பின்னாலேயே அளத்துக்குப் போனவள், அவர் ஒன்றுக்கு ஒதுங்கிவிட்டு வந்த வரப்போரத்தைப் பார்த்தாள். வெள்ளை உப்பின் மேல் கடுங்காப்பி கொட்டின மாதிரி கறுஞ்சிவப்பாகக் கிடந்தது.

"இது எத்தன நாளா இப்படிப் போவுது?"

"காலைல மட்டுந்தான். வெயில் ஏற ஏறச் சரியாயிரும்."

"என்னத்தச் சரியாயிரும்? ரத்தம்லா போவுது! உங்களுக்கு மாலை போட்டவன் எவனாவது இதப் பார்த்தானா? நடங்க ஆஸ்பத்திரிக்கு."

அவர் வரமாட்டேன் என்று வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. உப்பு லாரியில்தான் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் ரஹ்மத் நிஷா ரத்தத்தைப் பெரிய ஊருக்கு அனுப்பிச் சோதித்துவிட்டு சொர்ணக்கிளியை உட்காரவைத்துச் சொன்னார். "இது வளர்ப்பும் இல்ல, ஒழுக்கமும் இல்லம்மா. இவரோட எலும்பு மஜ்ஜைல ஒரு சின்னப் பிசகு. அங்கேர்ந்து வர்ற சிவப்பணுக்கள் முகத்துல அந்த அடையாளம் இல்லாமலே வருது. காவல்காரங்க தொட்டுக் கேக்கும்போது அதுங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல. அந்நியன்னு நெனச்சு ஓட்டை போட்டுடறாங்க. அவங்க மேல தப்பு இல்ல. அவங்க வேலையத்தான் செய்யறாங்க. ஆனா இப்படியே விட்டா இவர் இருக்க மாட்டார்."

காவல்காரர்களைத் தூங்கவைக்க ஊசி இருக்கிறதாம், ஆனால் அது எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிற மருந்து இல்லை. அவர்கள் தூங்கினால் ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட உள்ளே புகுந்து ஆளைக் கொண்டுபோய்விடுமாம். கூடப் பிறந்தவர் இருந்தால் மஜ்ஜை எடுத்து வைத்துப் பார்க்கலாமாம். அவருடைய ஒரே அண்ணன் ஓடையில் போனவன். மிச்சம் இருந்த வழி ரத்தம் ஏற்றுவதுதான். மற்றவர்களுடைய சிவப்பணுவுக்கு அடையாளம் உண்டு, அது தன்னைக் காத்துக்கொள்ளும், மூன்று நாலு மாசம் அவர் உடம்பில் ஓடும், தீரத் தீர மறுபடி ஏற்ற வேண்டும்.

கேட்டதும் ஊர் தாராளமாகக் கையை நீட்டியது. மாலை போட்ட கூச்சமும் அதில் இருந்திருக்கலாம். ரத்தப் பிரிவு ஒத்துப்போனவர்களில் குருசாமி கொடுத்தார், கோலப்பன் கொடுத்தார், தெற்கு அளத்து மேஸ்திரி வைரவண்ணாச்சி, ஊசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். ரத்தம் ஏறிய மறுநாள் உச்சிவெயிலில் தவசிமுத்துவின் நெஞ்சுக்குள் கேள்வி எழுந்தது. அவர் குரல் வரவில்லை. ஆனால் குருசாமியின் கட்டைக் குரல் "நாந்தான்" என்றது, கோலப்பனின் கீச்சுக் குரல் "நாந்தான், நாந்தான்" என்றது, வைரவண்ணாச்சியின் குரல் அளத்தில் ஆள் கூப்பிடுகிற அதே அதட்டலோடு "நாந்தாம்லே" என்றது. சடசடப்பு அடங்கிவிட்டது. தவசிமுத்துவின் உதட்டில் நிறம் ஏறியது. அவருக்கோ வெட்கமாகப் போய்விட்டது.

"ஊர்ல உள்ளவனெல்லாம் நெஞ்சுக்குள்ள கெடந்து சத்தம் போடுதான். எனக்குன்னு பேச எவனும் இல்ல" என்றார்.

"எவன் பேசினா என்ன, மூச்சு உங்க மூச்சுல்லா" என்று சொர்ணக்கிளி கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள்.

இப்படியே போயிருந்தால் சொல்ல ஒன்றும் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்துக்குத் தார்ப்பாய் கட்ட ஏறிய வைரவண்ணாச்சி, மேலிருந்து வழுக்கித் தலைகுப்புற விழுந்து, அங்கேயே போய்விட்டார். அவரைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து குளித்து, ஈரத்தலையோடு நாங்கள் டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்த உச்சிவெயிலில், தவசிமுத்து அந்த வழியாக நடந்து வந்தார். அவர் நெஞ்சுக்குள் "யாரது" என்று கேட்டது.

"நாந்தாம்லே" என்றார் வைரவண்ணாச்சி.

செத்தவர்கள் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். செத்தவர் பதில் சொன்னால் என்ன செய்வதென்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குருசாமி கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளும் அதே குரல், அதற்கு மறுநாளும். மண்ணுக்குள் போன மனிதர் இங்கே ஒருவர் நெஞ்சுக்குள் நின்று, வேலைநேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாதவராக, கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ரத்தம் கொடுத்தால் செத்த பிறகும் ஓய்வு கிடையாது என்று ஊருக்குள் பேச்சுக் கிளம்பியது. கோலப்பன் ஆஸ்பத்திரிக்கே போய், "என் ரத்தத்தைத் திருப்பிக் குடுத்திருங்கம்மா" என்று டாக்டரிடம் சண்டை பிடித்தார். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று டாக்டர் கேட்டதற்கு, எப்படி எடுத்தீர்களோ அப்படி என்றார். தவசிமுத்து வருகிற தெருவில் உச்சிநேரம் கதவுகள் அடைபட்டன. மாலை போட்ட அதே ஊர்தான், எங்களுக்கு எதிலும் அளவு தெரியாது.

மழை ஓய்வதற்குள் ஏற்றிய ரத்தம் தீர ஆரம்பித்தது. குருசாமியின் குரல் மங்கி நின்றுபோனது, கோலப்பனின் கீச்சு நின்றுபோனது. மூப்பாகி ஓய்ந்துபோகிற அணுக்களுக்குப் பதில் புது அணு வர வேண்டும், வருவதோ பதில் சொல்லத் தெரியாத தவசிமுத்துவின் அணு. உள்ளே சடசடப்பு மறுபடி ஆரம்பித்து, அவர் மறுபடி மஞ்சளாகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்தார். பிறகு ஒரே ஒரு குரல்தான் மிச்சம் இருந்தது. கடைசியாகக் கொடுத்தவர் என்பதாலோ, மேஸ்திரி என்பதாலோ, வைரவண்ணாச்சி மட்டும் அத்தனை கேள்விக்கும் தனி ஆளாக நின்று, தொண்டை கட்டிய குரலில் "நாந்தாம்லே, நாந்தாம்லே" என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

சொர்ணக்கிளி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். மூன்று முறை அல்ல, முப்பது முறை தட்டியும் திறக்காத வீடுகள் இருந்தன. "ஒரு பாட்டில் ரத்தத்துக்கு என் புருஷன் செத்துப்போவணுமா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா எவன் வருவான்?" என்று தெருவில் நின்று கத்தினாள். நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அவள் போகக் கூடாத ஒரு வீட்டுக்குப் போனாள். வைரவண்ணாச்சியின் மனைவி மாடத்தி, புருஷன் போன வீட்டில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். சொர்ணக்கிளி உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாடத்திதான் கேட்டாள். "ஏட்டி, இன்னும் பேசுதாவளா?"

"பேசுதாவ யக்கா."

"ஊர்க்காரனெல்லாம் கேட்டாச்சு. நான்தான் இன்னும் கேக்கல. பயமா இருந்துது." கலைந்த முடியை அள்ளி முடிந்தாள். "தொணைக்கு ஆரும் இருக்காவளா?"

"எல்லாரும் போயிட்டாவ. அண்ணாச்சி மட்டுந்தான் தனியா நிக்காவ. தொண்ட கட்டிப்போச்சு."

மாடத்தி எழுந்து முந்தானையை உதறி இழுத்துச் செருகினாள். "அவிய நிக்கேன்னு சொன்னா நின்ன எடத்த விட்டு நகர மாட்டாவ. தார்ப்பாயக் கட்டி முடிக்காம எறங்க மாட்டேன்னு நின்னுதான் செத்தாவ. எனக்கும் அதே பிரிவுன்னு பிரசவத்துல சொன்னாவ. வா, நானும் போறேன்."

தவசிமுத்து பிழைத்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக அவருக்கு ரத்தம் கொடுக்க எங்கள் ஊரில் ஆள் இல்லாமல் போனதே இல்லை. தங்கள் முறை வரவில்லையே என்று கோபித்துக்கொள்கிறவர்கள்கூட உண்டு. துக்கம் விழுந்த வீட்டுக்காரர்கள் உச்சிநேரத்தில் அவரைத் தேடிப் போய், குரல் மங்கி நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் எல்லாம் மாடத்தியின் ரத்தம் ஏறிய அந்த ஒரு மத்தியானத்தால் வந்தது. செய்தி தெரிந்து ஆஸ்பத்திரி நடைவழியில் கூட்டம் சேர்ந்திருந்தது. உதவி செய்ய வந்தோம் என்று சொல்ல முடியாது, பார்க்கத்தான் வந்திருந்தோம். மாடத்தி நடையில் போட்டிருந்த பெஞ்சில், முழங்கை மடிப்பில் ஒட்டிய பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. எங்கள் உடம்புகள் எல்லாம் பதில் சொல்லி முடித்து அடங்கின. உள்ளே கட்டிலோரம் சொர்ணக்கிளி புருஷனின் நெஞ்சில் காதை வைத்துக் குனிந்திருந்தாள். "யாரது" என்று கேட்டது. "நாந்தாம்லே" என்று இற்றுப்போன குரல் வந்தது. மறுபடி "யாரது" என்று கேட்டது. "நாந்தான்" என்று ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது. சடசடப்பு நின்றது. அதற்குப் பிறகும் உள்ளே ஏதோ பேச்சு ஓடியது, நடையில் இருந்த எங்கள் காதுக்கு எட்டாத தணிந்த பேச்சு. சொர்ணக்கிளி கொஞ்ச நேரம் கேட்டாள், பிறகு சட்டென்று காதை எடுத்துக்கொண்டு, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"நான் போய்ச் சேந்துட்டனா?" என்று கேட்டாள் மாடத்தி.

"சேந்துட்டிய யக்கா."

"அவியளுக்குத் தெரிஞ்சிட்டா?"

"தெரிஞ்சிட்டு."

"என்ன சொல்லுதாவ?"

சொர்ணக்கிளி எங்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "ஏசுதாவ யக்கா. ஊசின்னா பயந்து சாவியே, ஒன்ன எவன் இங்க வரச் சொன்னான், அறிவுகெட்டவளேன்னு ஏசுதாவ."

மாடத்தியின் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "அவியளேதான்" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள், அவர் போன பிறகு முதல் தடவையாக, நடை அதிர அழுதாள். குருசாமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ரத்தம் எடுக்கிற அறைப் பக்கம் மறுபடியும் நடந்தார்.